அப்பா நேரில் வரணும்

"அடுத்து!" என்றார் தூதரகக் கவுண்டரில் இருந்த அதிகாரி.

கைக்குழந்தையோடு நின்றவள் விண்ணப்பத்தை நீட்டினாள்.

"இவ இங்கதான் பிறந்தா. நம்ம நாட்டுக் குடியுரிமை வேணும் சார். அடுத்த வாரம் தங்கச்சி கல்யாணம், ஊருக்குப் போகணும்."

"போட்டோல வாய் திறந்திருக்கே?"

"மூடினாத்தானே சார்? அப்படியே அப்பா மாதிரி."

"அப்பா கையெழுத்து எங்க?"

"நாளைக்கு, நாளைக்குன்னு இழுத்தடிக்கிறார்."

"அவர் நேர்ல வந்து அதிகாரி முன்னாடி போடணும் மேடம். ரூல்னா ரூல்தான்."

வரிசையே அவளைப் பரிதாபமாகப் பார்த்தது.

"அப்ப எழுந்து இந்தப் பக்கம் வாங்க. ஆபீஸ்ல சொந்தம் கொண்டாடாம வரிசையில வான்னு நீங்கதானே காலைல சொன்னீங்க?"

அதிகாரி அசடு வழிய எழுந்து வந்து, மனைவி பக்கத்தில் நின்றார். மகள் அவரிடம் தாவினாள்.

பின்னால் நின்றவர் காலி நாற்காலியைப் பார்த்துக் கேட்டார்: "சார், இப்ப யார் முன்னாடி கையெழுத்துப் போடப் போறீங்க?"