எங்கார்னா தூக்கிய கை

"மார்ச் 12, செவ்வாய். இன்று ஒரு சிறிய தவறு: தெரிந்தவரைக் கண்டும் எழுந்து போகவில்லை." நாட்குறிப்பில் இதை எழுதிவிட்டு சிக்னே பேனாவை நிறுத்துகிறாள். கண்முன் இன்னும் அந்த மாலை ஆறரை மணிதான். ஸ்பெயினின் கிரனாடா நகரில், ஒரு மதுக்கடையில் சாய்ந்த வெயில் பீப்பாய் மேசைகள்மேல் கிடக்கிறது. சிக்னேயும் சேர்த்து, ஸ்பானிஷ் படிக்க வந்த நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். "என்ன சிக்னே, எட்டு மணி அடிச்சா உன் வீட்டுக்கார ஆயா தேடி வந்துருவாங்களா? பால் காய்ச்சி வச்சிருப்பாங்களே!" என்கிறான் உடன் படிக்கும் யோரிஸ். எல்லோரும் சிரிக்கிறார்கள், அவளும் சிரிக்கிறாள். அப்போது, அவளுக்குத் தங்க அறை கொடுத்திருக்கும் எங்கார்னாவே ஒரு தோழியோடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறாள். இந்த ஊரில் தெரிந்தவரைப் பார்த்தால் எழுந்துபோய் இரண்டு கன்னத்திலும் முத்தமிட வேண்டும். எங்கார்னா முகம் மலர்ந்து கையைத் தூக்குகிறாள். சிக்னே தட்டிலிருக்கும் ஆலிவ் கொட்டைகளை எண்ணுபவள்போலக் குனிந்துகொள்கிறாள். தூக்கிய கை பாதியில் நின்று, காதுத் தோட்டைச் சரிசெய்துவிட்டு இறங்குகிறது.

"ஏண்டி, அது உன் வீட்டு டென்மார்க் பொண்ணுதானே?" என்கிறாள் பக்கத்து மேசையில் உட்கார்ந்தபடி தோழி.

"சேச்சே, இல்லடி. அவ இந்நேரம் வகுப்புல இருப்பா. நல்லாப் படிக்கிற பொண்ணு."

வந்த இரண்டு மாதத்தில் முதல்முறையாக, பக்கத்து மேசைப் பேச்சு ஒரு சொல்கூட நழுவாமல் சிக்னேவுக்குப் புரிகிறது. காதுமடல் கொதிக்கிறது. அவள் நிமிரவில்லை.

சிக்னே மீண்டும் பேனாவை எடுக்கிறாள்: "நாளைய வேலை: காலையில், காபிக்கு முன்னால், அது நான்தான் என்று எங்கார்னாவிடம் சொல்ல வேண்டும்."