ஃபேமிலிக்கு மட்டும்

அவர் கதவைத் திறந்தபோது அந்தப் பெண் இடுப்பில் கையூன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

பின்னால் புருஷன். தலையில் இன்னும் ஹெல்மெட்.

"வீடு காலியாகுதுன்னு போர்டு பாத்தோமுங்க."

அந்த அட்டையைக் கீழே கேட்டில் கட்டியதே அவர்தான். வீட்டுக்காரம்மா சாந்தாமணி சணலையும் அட்டையையும் நீட்டி, "நீங்களே கட்டீருங்ணா, எனக்கு எட்டாது" என்றிருந்தார்.

வாடகைக்கு. ஃபேமிலிக்கு மட்டும்.

துளசிமணி செத்து நாற்பது நாளாகிறது. பெண்டாட்டி செத்துவிட்டால் புருஷன் ஃபேமிலி இல்லை. இந்த நகரில் குடியிருப்போர் சங்கம் வைத்திருக்கும் சட்டம் அது. தனி ஆம்பளைக்கு வீடு கிடையாது. வயது இருபத்தைந்தானாலும் சரி, ஐம்பத்தெட்டானாலும் சரி.

"ஆளு வர்ற வரைக்கும் இருந்துக்குங்ணா" என்று சொல்லியிருந்தார் சாந்தாமணி. கெட்ட மனுஷி இல்லை.

போன வாரம் ஒரு குடும்பம் வந்தது. தன் சம்சாரம் இந்த வீட்டில்தான் இறந்தாள் என்று அவர்களிடம் சொன்னார். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள்.

சாந்தாமணிக்குக் கோபம். "ஏனுங்ணா, அதைய எதுக்குச் சொல்றீங்க? சாவு உழுந்த வீடுன்னா எவன் வருவான்?"

அவர் தலையாட்டினார்.

ஆனால் ஒன்று விளங்கிவிட்டது. அந்த ஒரு பேச்சு வாயில் இருக்கிறவரை அவரை யாரும் கிளப்ப முடியாது.

இன்றைக்கும் அதைச் சொல்லத்தான் இருந்தார்.

அதற்குள் அந்தப் பெண் சமையற்கட்டுக்குப் போய்விட்டாள்.

"இங்க வந்து பாருங்க, மலை."

ஜன்னல் நிறைய நீலகிரி. அடிவாரத்தில் பாக்குத்தோப்பு. தோப்புக்கு இந்தப் பக்கம் பவானி. கீழே பார்க்கில் இரண்டு பிள்ளைகள் சறுக்குமரத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

புருஷன்காரன் குதிகாலால் தரையைத் தட்டிப் பார்த்தான்.

"ஒரு டைல்ஸ்லயும் டொப்புன்னு சத்தம் வரலைங்க. நல்ல கை."

அது அவருடைய கை.

இந்த நகரில் முப்பத்தொரு வீட்டுக்கு அந்தக் கைதான் தரை ஒட்டியது. அவர் மெஷினில் டைல்ஸ் அறுப்பார். துளசிமணி எதிரே குந்தி, அசையாமல் பிடித்துக்கொள்வாள். மூக்கைச் சுற்றிச் சேலைத் தலைப்பு. பத்தொன்பது வருஷம்.

தண்ணி ஊத்தி அறுக்கலாமே என்று அவள் ஒருமுறை கேட்டாள். தூசி கிளம்பாது என்றாள்.

சொதசொதன்னு போயிரும், வேலை ஓடாது என்றார் அவர்.

அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்த டாக்டர், என்ன வேலை செய்யறாங்க என்று கேட்டார். அதைக்கூட அவரிடம்தான் கேட்டார். அவளுக்குப் பேச மூச்சு இல்லை.

"தொட்டில் இங்க கட்டலாம்."

அந்தப் பெண் சின்ன ரூமில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே இரும்புக் கொக்கி.

குடி வந்த அன்றைக்குத் துளசிமணியும் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு விளக்குமாற்றைத் தேடப் போனாள். பதினோரு வருஷத்தில் அந்தக் கொக்கியில் ஒன்றும் மாட்டவில்லை.

கடைசி ஏழு மாசம் அவள் அந்த ரூமில்தான் இருந்தாள். படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். உட்கார்ந்தபடியேதான் போனாள்.

இப்போது சொல்ல வேண்டும்.

"எத்தனை மாசம், அம்மிணி?"

"ஆறு இப்பத்தானுங்க பொறந்திருக்குது."

கண்ணாடியில் ஒட்டியிருந்த பொட்டுகளை அவள் பார்த்தாள். வரிசையாக நாலு.

"அம்மா எங்கீங்க, காணோம்?"

புருஷன் ஹெல்மெட்டைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

அவர் கொக்கியைப் பார்த்தார். அவள் வயிற்றைப் பார்த்தார்.

"ஊருக்குப் போயிருக்கா."

"எப்ப வருவாங்க?"

"கொஞ்ச நாளாகும்."

"அவங்க நம்பர் குடுங்க. பால், தண்ணி வர்ற நேரம், நல்ல டாக்டரம்மா, எல்லாத்தையும் அவங்ககிட்டயே கேட்டுக்கறேன்." அவள் குரலை இறக்கினாள். "எங்களுக்கு ரெண்டு வீட்டுப் பக்கமும் பேச்சுவார்த்தை இல்லீங்க. கேக்கறதுக்கு ஆளு இல்ல."

பத்து எண்ணையும் அவர் தயங்காமல் சொன்னார். அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர்.

அவர்கள் இறங்கிப் போனார்கள். கீழே சாந்தாமணி சிரித்துப் பேசுவது கேட்டது. எந்த ஊரு, என்ன வேலை, என்றைக்குப் பால் காய்ச்சுறீங்க.

அவர் பீரோவைத் திறந்தார். துளசிமணியின் போன் சேலைகளுக்கு அடியில் கிடந்தது. சார்ஜரில் போட்டார். உயிர் வர நேரமாயிற்று. ரீசார்ஜ் தீர்ந்துபோயிருந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு முக்கு மொபைல் கடைக்கு நடந்தார்.

கடைக்காரர் நம்பரை அடித்துவிட்டு நிமிர்ந்தார். "ஏனுங்ணா, இது அக்கா நம்பராச்சுங்களே."

"ஆமா."

கடைக்காரர் திரைப் பக்கம் குனிந்துகொண்டார். 

"எம்பத்தி நாலு நாள் பேக் போட்டுறட்டுங்களா?"

அவர் விரலை மடக்கினார். ஆறாம் மாசம், ஏழு, எட்டு, ஒன்பது.

"பத்தாது" என்றார்.