மஞ்சள் உறை

முன்னால் இன்னும் ஆறு வண்டிகள்.

அவன் மறுபடி எண்ணினான். ஆறுதான். வரிசை நகராமல் நிற்கும்போது மட்டும் அவனுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

எல்லைக் கூண்டுக்குள் போலீஸ்காரர் ஒவ்வொரு பாஸ்போர்ட்டாகப் புரட்டிக்கொண்டிருந்தார். கூண்டைத் தாண்டினால் ஓமன். மலை, கடல், மூன்று நாள் பெருநாள் விடுமுறை. வண்டியிலிருந்த நான்கு பேரும் துபாயில் ஒரே அறையில் கிடப்பவர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை இப்படி ஒரே காரில் கிளம்பிவிடுவார்கள்.

இந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்ததே அவன்தான்.

பின்சீட்டில் இசக்கியும் ஜெபசிங்கும் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தாயிற்று. எல்லையைத் தாண்டித்தான் சாப்பாடு என்று காலையில் சட்டம் போட்டவர்களும் அவர்களே.

அவனுக்கு வேலை போய் மூன்று மாதம்.

மூவருக்கும் தெரியாது. காலை ஏழு மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்புவான். பூங்காவில் உட்காருவான். வெயில் ஏறியதும் நூலகத்துக்குப் போவான். சாயங்காலம், இன்னைக்குச் சரியான வேலை என்று அலுத்துக்கொண்டே திரும்புவான். முழுப் பூசணிக்காயைத்தான் மறைத்துக்கொண்டிருந்தான். சோறுதான் குறைந்துகொண்டே வந்தது.

சொல்லியிருக்கலாம்.

ஆனால் இந்த மூன்று பேரையும் ஊரிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வேலையில் சேர்த்துவிட்டவன் அவன். நான் இருக்கேம்ல, கிளம்பி வா என்றவன். அந்த வாயால் இதை எப்படிச் சொல்வது?

வண்டி கொஞ்சம் நகர்ந்தது. ஐந்து.

விசா ரத்தாகி, தங்குவதற்குக் கொடுத்த கெடுவும் முடிந்து பதினொரு நாள். கூண்டுக்குள் இருக்கிற கம்ப்யூட்டருக்கு அது தெரியும். அவனை மட்டும் வண்டியிலிருந்து இறக்குவார்கள். இறக்கினால் நேரே ஊருக்குத்தான். திங்கட்கிழமை ஒரு கம்பெனியில் வரச் சொல்லியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட முடிந்த மாதிரி. அது கிடைத்தால் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம். யாருக்கும் தெரியவே வேண்டாம்.

காலையில் காய்ச்சல் என்று படுத்துப் பார்த்தான். நீ வரலைன்னா நாங்களும் போகலை என்று மூவரும் பையைக் கீழே வைத்துவிட்டார்கள். அந்த முகங்களைப் பார்க்க முடியாமல் எழுந்து குளிக்கப் போனான். கூட்டமாக இருந்தால் சரியாகப் பார்க்கமாட்டார்கள் என்று யாரோ எப்போதோ சொன்னதை நம்பினான்.

வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது. டேஷ்போர்டு பெட்டி படாரென்று வாயைத் திறந்தது. அதன் கொக்கி போய் வெகுநாள். உள்ளிருந்து ஒரு மஞ்சள் உறை அவன் மடியில் விழப் பார்த்தது. உள்ளே தள்ளி மூடி, முட்டியால் முட்டுக்கொடுத்துக்கொண்டான்.

ஓமனுக்கான வண்டி இன்சூரன்ஸ் அது. வண்டி ஓட்டும் சாகுல் காலையில் எடுத்துக் கொடுக்க, அவன்தான் உள்ளே வைத்தான். இது இல்லாவிட்டால் எல்லையில் விடமாட்டார்கள் என்று சாகுல் மூன்று தரம் சொன்னான். சாகுல் அப்படித்தான். காஸ் அடுப்பை மூடிவிட்டுப் படியிறங்கி, மறுபடி ஏறிப் போய்ப் பார்க்கிறவன்.

நான்கு வண்டி.

சாகுல் ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்தபடி மறுகையைப் பின்னால் நீட்டினான். எல்லோருடைய பாஸ்போர்ட்டும் அடையாள அட்டையும் சாகுலிடம்தான் சேரும். வருஷா வருஷம் அதுதான் வழக்கம்.

பின்னாலிருந்து இரண்டு பாஸ்போர்ட், இரண்டு அட்டை வந்தன. கை பக்கத்துச் சீட்டுக்குத் திரும்பியது.

அவன் பாஸ்போர்ட்டைக் கொடுத்தான்.

கை அப்படியே நின்றது.

அட்டை அவனிடம் இல்லை. விசாவை ரத்து செய்த அன்றே கம்பெனியில் வாங்கிக்கொண்டார்கள். இதை எப்படி மறந்தான்? கம்ப்யூட்டரையே நினைத்து நடுங்கியவன், சாகுலின் கையை மறந்துவிட்டான்.

பர்ஸை எடுத்தான். ஒவ்வொரு அறையாகத் தேடினான். மெட்ரோ அட்டை. நூலக அட்டை. பழைய ரசீது. மறுபடி முதல் அறை. மூன்றாவது தடவை தேடும்போது தலையைத் தூக்கினான்.

சாகுல் பர்ஸைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பின்னால் அப்பளத்துக்குச் சண்டை நடந்துகொண்டிருந்தது.

முன்னால் இரண்டு வண்டி.

சாகுல் பாஸ்போர்ட்டை அவன் மடியிலேயே திருப்பி வைத்தான். இண்டிகேட்டரைப் போட்டான். வண்டியை வரிசையிலிருந்து வெளியே எடுத்தான்.

"ஏல, இன்சூரன்ஸ் பேப்பரை ரூம்லயே வச்சிட்டு வந்துட்டேம்ல. விடமாட்டான். திரும்பிருவோம்."

ஓரமாக நின்ற காவலரிடம் கையை ஆட்டி ஏதோ சொன்னான். திரும்பிப் போகிறவனை யார் தடுக்கப் போகிறார்கள்?

பின்சீட்டில் பிரளயம். இரண்டு மணி நேரப் பயணம், போட்டுவைத்த ஓட்டல் அறை, வாங்கிவைத்த நீச்சல் டிரவுசர், எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லித் திட்டினார்கள். நீயெல்லாம் எதுக்குல வண்டியைத் தொடுத என்றான் இசக்கி. சாகுல் அத்தனையையும் தலையில் வாங்கிக்கொண்டான். வயசாவுதுல்லா என்று மட்டும் சொன்னான். சாகுலுக்கு முப்பத்தொன்று.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் ஏன் என்று கேட்பார்கள்.

டேஷ்போர்டிலிருந்து முட்டியை மட்டும் எடுக்கவில்லை.

மறுபடி அதே வேகத்தடை. சாகுல் வண்டியை ஊரவிட்டு ஏற்றினான். ஏல, மாட்டு வண்டியா ஓட்டுத என்று ஜெபசிங் பின்னாலிருந்து கத்தினான்.

அப்படியும் பெட்டி ஒரு விரற்கடை திறந்தது. இடுக்கில் மஞ்சள் தெரிந்தது.

சாகுலின் கை வந்து, அவன் முட்டிக்குப் பக்கத்தில் மூடியை அழுத்திக்கொண்டது. பெரிய சாலைக்கு வந்த பிறகும் சாகுல் கையை எடுக்கவில்லை.