கேமராவின் ஒயர்

சுத்தியலால் அடித்தாலும் உடையாத ஸ்லைடிங் கண்ணாடிக் கதவு ஒன்று குணசீலன் வீட்டுப் பின்பக்கம் வந்து சேர்ந்தது. வந்த நாள் முதல் அதன் வாய் ஓயவில்லை.

"என்னை உடைக்கணும்னா திருடன் இன்னொரு பிறவி எடுத்து வரணும்" என்றது கண்ணாடி.

"உங்களை எதுக்குண்ணே உடைக்கணும்? என்னாலதான் பூட்டவே முடியலையே" என்றது அதன் தாழ்ப்பாள்.

வெளியே மாட்டிய புதுக் கேமராவின் ஒயரை உள்ளே கொண்டுவரச் சுவரில் துளை போட வேண்டியிருந்தது. பெயின்ட் பாழாகும் என்று குணசீலன் தடுத்துவிட்டார். அதனால் ஒயர் கதவிடுக்கு வழியாக வந்தது. கதவு முழுசாக மூடாததால் தாழ்ப்பாளுக்குக் கொக்கி எட்டவில்லை.

"உனக்கென்ன கவலை? நான் இருக்கேன்ல? ஈ பறந்தாலும் பதிவாகும்" என்று மேலிருந்து அதட்டியது கேமரா.

குடும்பம் கல்யாணத்துக்குப் போயிருந்த பகலில் திருடன் வந்தான். இடுக்கில் விரலை விட்டுக் கதவைத் தள்ளினான். டிவியைத் தூக்கிக்கொண்டு போகும்போது, சாத்த முடிந்த அளவுக்குக் கதவைச் சாத்திவிட்டும் போனான்.

"ஒரு கீறல் விழுந்திருக்கா, பார்!" என்று மார்தட்டியது கண்ணாடி.

"முகம் எவ்வளவு தெளிவா வந்திருக்கு!" என்று பூரித்தது கேமரா.

பதிவைப் பார்த்த குணசீலனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மறுநாளே முன்பக்கத்துக்கும் ஒரு கேமரா வாங்கிவிட்டார்.

"சார், ஒயருக்குச் சுவர்ல துளை போடட்டுமா?" என்று கேட்டார் எலக்ட்ரீஷியன்.

"ஐயோ, பெயின்ட் போயிடும்ப்பா. அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்து விட்டுக்கோ."