அந்தோனியாரோடு சண்டை

"காது செவிடா உமக்கு? செவ்வாய்க்குச் செவ்வாய் வந்து கத்துறன், ஒரு பதிலும் இல்லை!"

அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று ஏசினாள் அல்பொன்சா.

செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோயில் மூப்பர் வஸ்தியாம்பிள்ளைக்கு நெற்றி நரம்பு புடைத்தது.

குறிஞ்சிப்பிட்டிக் கரையில் கருவாடு காயப்போடுகிறவள் அல்பொன்சா. யுத்தம் முடிந்த கையோடு அவளுடைய ஒரே மகன் நிக்சன் அவுஸ்திரேலியாவுக்கென்று கள்ளமாகப் போட் ஏறினான். அந்தப் போட்டில் போன ஒருத்தரைப் பற்றியும் இன்றுவரை தகவல் இல்லை. அன்று தொடங்கியது இந்த ஏச்சு.

மூப்பர் நேரே பங்குச் சுவாமியின் அறைக்குப் போனார்.

"சுவாமி, இது கோயிலா, மீன் சந்தையா? அவளை உள்ளுக்கு விடக்கூடாது."

"கோவத்தையும் கடவுளிட்டத்தானே கொண்டுவந்து கொட்டுறா. கொட்டட்டுமே."

"மரியாதை எண்டு ஒண்டு இருக்கு, சுவாமி. நானும்தான் இவ்வளவு காலமா இந்தக் கோயில்ல கிடக்கிறன். ஒருநாளாவது வாய் திறந்து எனக்கெண்டு எதையும் கேட்டிருப்பனா?"

சுவாமி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அதுதான் மூப்பர், எனக்குக் கவலை."

மூப்பருக்கு இன்னும் சூடேறியது. இன்றைக்கு அவளை இழுத்து வெளியில் விடுவதென்றே விறுவிறென்று திரும்பினார்.

மற்றப் பெண்கள் போய்விட்டிருந்தார்கள். அல்பொன்சா மட்டும் நின்றாள். மூப்பர் வந்ததை அவள் காணவில்லை.

"சரி, என்ட நிக்சனை விடும். எட்வின் என்ன பாவம் செய்தான்? 'நீ என்ட பிள்ளையே இல்லை, போடா' எண்டு தகப்பன் துரத்தினதாலதானே அவனும் அதே போட்ல ஏறினான்? அந்த மனுசன் வீம்பு பிடிச்ச ஆள். மகன்ட பேரை வீட்டில சொல்லவும் விடாது, உம்மட்ட வந்து கேக்கவும் மாட்டாது. அதுக்காக நீரும் பேசாம இருப்பீரா? அந்த ஆளுக்கும் சேர்த்துத்தான் நான் கத்துறன். மூப்பர்ட மகனைக் கொண்டுவாரும்!"

வஸ்தியாம்பிள்ளை தூணைப் பிடித்துக்கொண்டார்.

தூணில் கை பட்ட சத்தம் கேட்டு அல்பொன்சா திரும்பினாள். கோபம் தணியவில்லை.

"என்ன மூப்பர், வெளியில போகச் சொல்லவா வந்தீங்க?"

அவர் மெல்ல நடந்து அவள் பக்கத்தில் வந்து முழங்காலில் நின்றார்.

"இல்லை, தங்கச்சி... இன்னும் கொஞ்சம் சத்தமாக் கேளு."