அரைத் தலை உயரம்

பெரிய மகனின் கழுத்தோரமாக வெட்டிக்கொண்டே போனார் தையல்காரம்மா. "அடடா, காது கொஞ்சம் போயிடுச்சு. பரவாயில்லே, விடு."

"காதை விட்டுட்டு வெட்டணும்மா" என்று கணினித் திரையை எட்டிப் பார்த்தாள் ஆசிரியை.

படம் திருத்தும் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களில் கெட்டிக்காரர் இந்த அம்மாதான். பழைய போட்டோவை ஸ்கேனரில் கோணாமல் வைத்து, கீறல் இருந்த இடமே தெரியாமல் அழித்துவிடுவார். இன்றைக்கு என்னவோ கை சொதப்பியது.

அப்பா இறந்த அன்று யார் முன்னால் நிற்பது என்று முறைத்துக்கொண்ட மகன்கள், அதற்கப்புறம் முகம் பார்த்துக்கொள்வதில்லை. தனித்தனிப் படங்களை வெட்டி, இருவரையும் ஒன்றாக நிறுத்திப் பார்க்க ஆசைப்படுகிறாள் பெற்றவள். ஆசிரியைக்கு மனசு இளகியது.

"அம்மா, சின்னவர் அண்ணனைவிட அரைத் தலை உசரமா நிக்கிறாரே. நான் சரி பண்ணித் தரட்டுமா?"

"இருக்கட்டும்மா."

படம் அப்படியே குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது.

மறுநாள் வகுப்பு நடக்கும்போதே மாடிப்படி அதிர்ந்தது. முதலில் பெரியவன். "யாரும்மா உனக்கு இந்த வேலையச் சொல்லிக் குடுத்தது? நான் அவனவிடக் குள்ளமா?"

பின்னாலேயே சின்னவன். "யாரைக் கேட்டு என்னை இந்த ஆள் பக்கத்துல ஒட்டினே? ஆனா உசரம் சரியாத்தான் இருக்கு!"

ஆசிரியை எழுந்து குறுக்கே ஓடி வந்தாள். வகுப்பின் பேர் இன்றோடு கெட்டது. "தப்பு என் மேலதாங்க. அம்மா இப்பத்தான் கத்துக்கறாங்க..."

யார் காதில் விழுந்தது?

"அவனை வந்து நின்னு பார்க்கச் சொல்லும்மா!" என்றான் பெரியவன்.

"முதல்ல செருப்பைக் கழட்டச் சொல்லு!" என்று சின்னவனும் அம்மாவிடமே சொன்னான்.

செருப்புகள் மூலைக்குப் பறந்தன. இருவரும் முதுகோடு முதுகு ஒட்டி விறைத்து நின்றார்கள். அளப்பதற்காகப் பின்னால் நீண்ட சின்னவனின் கை, அண்ணனின் வழுக்கையில் பட்டு நின்றது.

"எப்பண்ணே இவ்வளவு கொட்டுச்சு?"

பெரியவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான்; தோள் குலுங்கியது. சின்னவனுக்கும் தொற்றிக்கொண்டது.

க்ளிக்.

தையல்காரம்மா கைபேசியை இறக்கிவிட்டு, ஆசிரியையின் காதோரம் குனிந்தார்.

"அளவு தெரியாமலா வெட்டினேன்னு நெனச்சே?"