இரண்டு விரற்கடை

சனிக்கிழமை மூஸ் மான் வேட்டை தொடங்குகிறது. போன வருடம் செத்துப்போன கணவன் ஏவர்ட்டின் துப்பாக்கியைக் கொண்டுவந்து இர்மெலி, துப்பாக்கி பழுதுபார்க்கும் தைஸ்தோவின் பட்டறை மேசையில் வைத்தாள்.

"தைஸ்தோ, இது மேல இருக்குற தொலைநோக்கிய என் கண்ணுக்கு ஏத்த மாதிரி மாட்டிக் குடு. அந்த மனுசனுக்குக் கொக்குக் கழுத்து. எனக்குக் கழுத்தே கெடையாது."

"அதான் வாய் இருக்கே, போதாதா?" என்றான் தைஸ்தோ.

கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் வைக்கச் சொன்னான். அவள் கன்னத்தைப் பதித்துக் கண்ணைத் திறந்தாள். வட்டம் முழுதாகத் தெரியும்வரை தொலைநோக்கியைப் பின்னால் இழுத்தான்; இரண்டு விரற்கடை வந்தது. சுவரில் தொங்கிய தூக்குக்குண்டு நூலோடு, உள்ளே தெரியும் நெடுக்குக்கோட்டை ஒட்டிப் பார்த்து, திருகுகளை மாற்றி மாற்றி முறுக்கினான்.

கொல்லையில் துப்பாக்கியை இரும்புத் தாங்கியில் பூட்டி, விசையில் கயிறு கட்டி, தள்ளி நின்று இழுத்தான். குண்டு இலக்கின் நடுவில் பட்டது. தொலைநோக்கியின் பின்விளிம்பில் பிறைபோல ரத்தம் இருந்தது.

தைஸ்தோ தன் கைகளைப் புரட்டிப் பார்த்தான். கீறலே இல்லை. துடைத்துவிட்டு மறுபடி சுட்டான். மறுபடியும் ரத்தம்.

"கண்ணு ரொம்பக் கிட்ட இருந்தா, உதைக்கிறப்ப விளிம்பு புருவத்தக் கிழிக்கும்," என்றான். "ஆனா பின்னால யாருமே இல்லியே."

இர்மெலி விளிம்பிலிருந்த ரத்தத்தை விரலால் துடைத்தாள்.

"பழைய இடத்துக்கே தள்ளி வச்சிரு. பாவம், அந்த மனுசனுக்கு வலிக்கும்."

தள்ளி வைத்துச் சுட்டான். விளிம்பு சுத்தமாக இருந்தது. குளிரில், பின்பக்கக் கண்ணாடியில் மட்டும் மூச்சுப்பட்டது போல ஆவி படிந்தது, மறைந்தது, மறுபடி படிந்தது.